பசித்தால் யாரிடம் கேட்கும்?

"அக்கா... பசிச்சா ஈஸ்ட் யாருகிட்ட கேக்கும்?"

போன வாரம் அறிவியல் கண்காட்சியில் ஒரு சிறுமி கேட்டது.

"யாருகிட்டயும் கேக்காது கண்ணு. அமினோ அமிலம் கிடைக்கலைன்னா, உள்ள ஒரு மரபணு முழிச்சுக்கும். தானே செஞ்சுக்கும்" என்று பெருமையாகச் சொன்னாள் சண்முகப்பிரியா. அவளும் அப்படித்தான்... யாரிடமும் எதுவும் கேட்காதவள்.

இன்று அந்தத் திருப்பூர் கல்லூரி ஆய்வகத்தில் அவள் முகம் வாடியிருந்தது. அமினோ அமிலம் இல்லாத தட்டில் அவள் வளர்த்த ஈஸ்ட், பசியில் அந்த மரபணு விழித்ததும் நீலமாக வேண்டும். தட்டு முழுக்க வெள்ளை. அப்படியென்றால் அதற்குப் பசிக்கவே இல்லை. யாரோ உணவு போட்டிருக்கிறார்கள்...

நேற்று உள்ளே வந்தவன் ஒருவன்தான். சாய ஆலைகளில் மின்வேலை பார்க்கும் பூபாலன். ஈஸ்ட் வளர்க்கும் பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவன், வாசலில் அவள்மேல் மோதிவிட்டான். இன்று அழைக்காமலே வந்து நிற்கிறான். மழையில் நெற்றித் திருநீறு கரைந்திருந்தது. கண்களில் மட்டும் ஒரு சிரிப்பு... இதை நம்பலாமா?

"நேத்து நீங்க போட்டீங்களா?"

"ஆமாங்க, நாந்தான் போட்டேன்."

"கூசாம சொல்றீங்க."

"போடாம போனா எல்லாம் செத்துருமுங்களே. பாவம்."

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: 'எலக்ட்ரீஷியன் தட்டில் உணவு சேர்த்துவிட்டார்.' திங்கட்கிழமை பேராசிரியர் படித்தால், கல்லூரிப் பக்கமே அவனை விடமாட்டார்.

"ஏனுங்க முறைக்கறீங்க? சுவிட்ச் போட்டது தப்புங்களா?"

"சுவிட்சா..."

"கரண்ட் போயி வந்ததுல பெட்டி அணைஞ்சு கிடந்துச்சுங்க. போட்டுட்டு, சூடு நிக்குதான்னு சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். 'அமினோ அமிலம் இல்லாதது' என்று எழுதிய பாட்டில் மூடி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் அமினோ அமிலம் கலந்த பாட்டில்தான் பாதி காலி. ஊற்றியது அவளேதான்.

"தப்பு என்னோடதுங்க... உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

வாய்விட்டு ஒருவரிடம் கேட்பது அவளுக்குப் புதிது.

"ஒரு டீ வாங்கித் தந்தா மன்னிக்கலாமுங்க."

"சரி... இன்னிக்கு யாரும் கூப்பிடலையே. ஏன் வந்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குமுன்னு தெரியுமுங்க... உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் குளிர்பெட்டியை மூடினாள்.

"கீழ நில்லுங்க... வரேன். நானும் வாசலையேதான் பாத்துட்டு இருந்தேன்."

அவன் இறங்கிப் போனதும் குறிப்பேட்டைத் திறந்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'தவறான பாட்டிலை எடுத்தது நான். அணைந்த பெட்டியைக் கவனித்துக் காப்பாற்றியவர் பூபாலன்.'

யாரும் பார்க்கவில்லை. பேனாவை மூடி, இருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.