அரைக்கட்டை ஏற்றம்

காலை எட்டு மணிக்கு ரெமிஜியாவின் தொண்டையைப் பார்ப்பேன். அகநோக்கிக் குழாயை மூக்கு வழியாக விட்டு, குரல்நாண்கள் எப்படி இருக்கின்றன என்று திரையில் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சிவந்திருந்தால் நல்லது. வீங்கியிருந்தால் இன்னும் நல்லது. வெளுத்து ஆரோக்கியமாக இருந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வெந்நீர் குடிச்சியா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. தொண்டை நல்லா ஆறிப்போய்க் கெடக்கு.”

“ஒரே ஒரு மடக்குக்கா. எச்சி கூட முழுங்க முடியல.”

“முழுங்க முடியாமத்தான் இருக்கணும். அதுக்குத்தான உன்னத் தூத்துக்குடிலேர்ந்து கூட்டியாந்து வெச்சிருக்கோம்? எழுந்திரு. இன்னிக்கி ஒரு மணி நேரம் கூடுதலாக் கத்தணும்.”

இந்தத் திட்டெல்லாம் என் வாயிலிருந்து வரவில்லை. நான் உதட்டை அசைப்பேன். கழுத்தில் கட்டியிருக்கும் குரற்பட்டை பேசும். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே சீராக இருக்கும் அந்தக் குரல். கோபத்துக்கென்று அதில் தனிப் பொத்தான் எதுவும் கிடையாது. அதனாலேயே ரெமிஜியா என் திட்டுக்குச் சிரித்துவிடுவாள். கழுதை.

பெரம்பூர் தருணகத்தில் நான் பயிற்சி மேற்பார்வையாளர். தருணகங்கள் ஏன் வந்தன என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. போன நூற்றாண்டின் கடைசியிலேயே பாட்டு இயந்திரங்கள், போடக்கூடிய மெட்டையெல்லாம் போட்டு முடித்துவிட்டன. நீங்கள் குளிக்கும்போது முணுமுணுப்பது கூட ஏற்கெனவே ஏதோ ஒரு தரவுக்கிடங்கில் இருக்கிறது. மனிதர் பாடிக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. மிஞ்சியது, நடந்துபோனவை மட்டும்தான். ராக், பாப் வரலாற்றில் மறக்க முடியாத தருணங்கள் என்று அறுபத்து நான்கைத் தேர்ந்தெடுத்து, வருடா வருடம் அதே தேதியில் உள்ளது உள்ளபடி மறுபடியும் நடத்துகிறார்கள். லண்டனில் ஒரு மாடிக்கூரைமேல் ஜனவரிக் குளிரில் விரல் விறைக்க வாசிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒருவர் கிதாரைப் படுக்கவைத்துத் தீ மூட்டுகிறார். இன்னோர் இடத்தில், மின்கிதாரைத் தொட்டதற்காகப் பாடகரைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட வேண்டும். அந்தக் கூச்சலில் உண்மையான வெறுப்பு இருக்கிறதா என்று மானி வைத்துப் பார்க்கிறார்கள். கூட்டத்துக்குள் ஓர் இளைஞனைக் குத்திக் கொன்ற கச்சேரிக்கு மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. மனு நிலுவையில் இருக்கிறது.

எங்கள் பங்குக்கு ஒன்று உண்டு. 1986 செப்டம்பர் 14, பெரம்பூர் ரயில்வே மைதானம். ‘பன்னிரண்டாம் கேட்’ என்ற குழு. பாடகி கரோல் டிக்ரூஸ். கடைசிப் பாட்டின் ஒன்பதாவது நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் ஒரே மூச்சில் கூவுகிறாள். கூவல் போய்க்கொண்டே இருந்து, பன்னிரண்டாவது விநாடியில் துணி கிழிகிற மாதிரிக் கிழிகிறது. கூட்டத்தில் யாரோ பதிவு செய்த கேசட் அத்தோடு நின்றுபோகிறது. அதற்கப்புறம் கரோல் எந்த மேடையிலும் பாடவில்லை. தமிழ் ராக்குக்காகத் தன் குரலையே கொடுத்தவள் என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

நடிக்கக் கூடாது என்பதுதான் தருணச் சட்டம். அவளுக்குக் கிழிந்தது, ஆகவே கிழிய வேண்டும். தொண்டையில் ஒட்டிய ஒலிநுண்ணி என்ற சின்னக் கருவி அதை உறுதி செய்தால்தான் தருணம் நிறைவேறியதாக அறிவிப்பார்கள். கத்தியோ மருந்தோ கூடாது. ஆறு மாதம் ஓய்வே கொடுக்காமல் கத்தவைத்து, அன்றைக்கு அதே சுருதியில் முழு மூச்சோடு பாடவிட்டால் தன்னால் கிழியும். இதுவரை பதின்மூன்று பெண்கள். நான் ஆறாவது.

உச்சுக் கொட்டாதீர்கள், எனக்குப் பிடிக்காது. இந்த வருடம் மட்டும் நாலாயிரம் விண்ணப்பம். இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷியின் குரலைக் கேட்பது இன்றைக்கு வேறெங்கே நடக்கிறது? கொடுத்தவர்களுக்கு அன்று முதல் வரிசை. எங்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், மைதானமே எழுந்து நிற்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் நான் சோறு தின்கிறேன்.

ரெமிஜியா பதினான்காவது. வயது இருபத்து மூன்று. துணி துவைத்தாலும் பாடுவாள், படியேறினாலும் பாடுவாள். அவள் பாடுவது தாழ்வாரத்தில் கேட்டால் நான் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். சனியன், அவ்வளவு நல்ல குரல். அந்தப் பாசத்தில்தான் ஒரு தப்புச் செய்தேன். பயிற்சிக்கு, இயந்திரம் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்த பிரதியைத்தான் போட வேண்டும். நான் அவளுக்கு அசல் கேசட்டையே போட்டுக் காட்டினேன். நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள் இருந்தது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் பாட்டு தொடங்குவதற்கு முன்பே முகத்தைச் சுளித்தாள்.

“அக்கா, பின்னாடி ஙொய்ய்ன்னு கேக்குல்லா, அது என்னது?”

“கரன்ட் இரைச்சல். மேடையில பழைய ஸ்பீக்கர்.”

“எங்க ஐஸ் கம்பெனி மோட்டார் இரைச்சல்லதான் நான் சின்ன வயசுலேர்ந்து சுருதி வச்சுப் பாடுதேன். அது எனக்கு எலும்புல ஊறிக் கெடக்கு. இது அதவிட அரைக்கட்ட ஏறிக் கெடக்கேக்கா.”

“ஐஸ் கம்பெனியும் கரோலும் ஒண்ணா? போ, போய்க் கத்து.”

விரட்டிவிட்டேன். ஆனால் அரித்துக்கொண்டே இருந்தது. கரன்ட் அன்றும் இன்றும் விநாடிக்கு ஐம்பது முறைதான் அதிரும். அந்த இரைச்சல் ஊருக்கு ஊர் ஏறி இறங்காது. கேசட்டை மானியில் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று காட்டியது. சுத்தப் பிரதியில் இரைச்சலே இல்லாததால் இத்தனை வருடத்தில் ஒருத்தரும் இதைப் பார்க்கவில்லை.

என் மேசைக்கடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. பெரம்பூரில் இடித்த ஒரு சவுண்ட் சர்வீஸ் கிடங்கிலிருந்து வந்த பழைய டேப்புகள். டேப் ஓட்டத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் தள்ளியிருந்தார்கள். நாலாவது டேப்பின் மேல், மங்கிய பேனா மையில் ‘12 கேட் – மேடை’ என்று எழுதியிருந்தது. மேடையிலேயே, கரன்ட்டில் ஓடிய கருவியில் பதிவு செய்தது. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். மானி ஐம்பது காட்டியது. பாட்டு முழுவதும் அரைக்கட்டை கீழே இருந்தது. கூட்டத்தில் பதிவு செய்தவரின் டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கிப்போய் மெதுவாகச் சுற்றியிருக்கிறது, கடைசியில் நின்றும் போயிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டதும் எல்லாம் ஏறிக் கேட்டிருக்கிறது. நாங்கள் அந்த ஏறிய சுருதிக்குத்தான் கிதாரை முறுக்கினோம். தொண்டையையும் முறுக்கினோம்.

ஒன்பதாவது நிமிடம் வந்தது. கரோல் கூவினாள். அலட்டிக்கொள்ளாமல், பந்து எறிகிற மாதிரி எறிந்தாள் அந்தக் குரலை. பன்னிரண்டாவது விநாடியில் கிழிகிற சத்தம் கேட்டது. இந்த டேப் நிற்கவில்லை. தொடர்ந்து ஓடியது.

“யோவ் தாமஸ், ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சுய்யா! எத்தினி வாட்டி சொன்னேன், வேற எட்தாரச் சொல்லி?”

மைக்கில் சவுண்ட்காரரைத் திட்டியது கரோல்தான். கூட்டம் சிரித்தது. கரோலும் சிரித்தாள். பிறகு கணீரென்று அடுத்த சரணத்தைப் பாடினாள்.

அப்புறம் ஏன் பாடுவதை விட்டாள் என்று இந்த நூற்றைம்பத்தைந்து வருடத்தில் யாராவது கேட்டோமா? கல்யாணமாகி ஆஸ்திரேலியா போயிருப்பாள். அல்லது சலித்துப்போயிருக்கும். நான் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாயைத் திறந்து அழுதேன். காற்றுதான் வந்தது. பேட்டரி இறங்கிப்போனதற்குப் பதின்மூன்று தொண்டை! அடப்பாவிகளா, என் குரல் எப்படி இருந்தது தெரியுமா? தெருவில் நான் கூப்பிட்டால் மூன்றாவது தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ரெமிஜியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவாள், பாடிக்கொண்டே போவாள். தருணத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். முதல் வரிசை இருக்காது. மைதானம் எழுந்து நிற்காது. தியாகி வசுமதி என்று இப்போது சொல்கிறவர்கள், ஸ்பீக்கரைப் பார்த்துத் தொண்டையைக் கிழித்துக்கொண்ட வசுமதி என்பார்கள். சிரிப்பார்கள். நானாக இருந்தாலும் சிரிப்பேன். நாற்பத்தொரு வயதில் குரலும் இல்லாமல் அந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

இயக்குநர் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, அந்தப் பெட்டியில ஏதாச்சும் தேறிச்சா?”

“எல்லாம் பூஞ்சை சார்.”

“அப்ப எதுக்கு எடத்த அடைச்சிக்கிட்டு? அரைவைக்கு அனுப்பிடுங்க.”

நானே தூக்கிக்கொண்டு போய் அரைவை இயந்திரத்தில் கொட்டினேன். கரோல் கால் நிமிடத்தில் தூளானாள்.

ரெமிஜியா விடவில்லை. நிகழ்ச்சியன்று மாலை, மேடைக்குப் பின்னால் தொண்டையில் ஒலிநுண்ணியை ஒட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஆரம்பித்தாள்.

“அக்கா, அந்த இரைச்சல மானியில போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எவ்ளோ காட்டுச்சு?”

“அம்பது. உன் ஐஸ் கம்பெனிதான் தப்பு.”

அவள் பெருமூச்சு விட்டாள். “நல்லவேளக்கா. ஒரு வாரமா மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தப்பான சுருதியில பாடித் தொண்டய விட்டுட்டா எவ்ளோ கேவலம், என்ன?”

“ரொம்பக் கேவலம்” என்றேன். பட்டை அதையும் ஒரே சீராகத்தான் சொன்னது. பயத்தையோ பொய்யையோ காட்ட அதற்குத் தெரியாது என்பது எனக்கு அன்று பெரிய உதவியாக இருந்தது.

மைதானம் நிரம்பியிருந்தது. எங்கள் பதின்மூன்று பேர் பெயரையும் சொன்னார்கள். எழுந்து நின்றார்கள். நான் கும்பிட்டேன். வெட்கங்கெட்டவள், எப்போதும் போலவே எனக்குச் சிலிர்த்தது.

பாடுகிறவளின் காதில் ஒரு செவிக்கருவி இருக்கும். எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அதில் சொல்வது என் பொறுப்பு. எட்டு நிமிடம் ஆனபோது ரெமிஜியா வியர்வையில் குளித்திருந்தாள். அவள் பாடியதைப் பற்றி நான் என்ன சொல்ல? கரோலைவிட நன்றாகப் பாடினாள். அசலைக் கேட்டவள் நான், எனக்குத் தெரியும். அடுத்த வருடம் எவளோ ஒருத்தி வரட்டும், இவளை மட்டும் விட்டுவிடு என்று உள்ளுக்குள் ஒன்று கெஞ்சியது. ‘நிறுத்து’ என்று ஒரு வார்த்தை போதும். உதட்டை அசைத்தால் போதும்.

ஒன்பதாவது நிமிடம். அவள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

“முழு மூச்சு எடு” என்றேன்.

எடுத்தாள். கூவினாள். எட்டு விநாடி, ஒன்பது, பத்து. முதல் வரிசையில் பன்னிரண்டு பெண்கள் தங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டில் கிழிந்தது. அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள், வாயோரம் இரத்தம். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. தருணம் நிறைவேறியது என்று அறிவித்தார்கள். இருபதாயிரம் பேர் அழுதுகொண்டே கைதட்டினார்கள், பக்கத்தில் நின்ற பொன்னுரங்கம் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு மாதிரி சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனேன். கழுத்தில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். குரற்பட்டை கட்ட இன்னும் ஆறு வாரம் ஆகும். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் கண் கலங்கியிருந்தது. கைத்திரையை எடுத்து எழுதினாள்.

‘ரொம்ப வலிக்குக்கா.’

“வலிக்கும். மூணு மாசத்துல கொறையும்.”

கொஞ்சம் யோசித்து மறுபடியும் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

‘கரோலுக்கும் இப்பிடித்தான வலிச்சிருக்கும்?’

அவள் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் இனி அவள் மிச்சமிருக்கிற நாளெல்லாம் சோறு தின்ன வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன?

“இதவிட ஜாஸ்தியா வலிச்சிருக்கும்” என்றேன். “அந்தக் காலத்துல நல்ல மருந்து ஏது?”

ரெமிஜியா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தாள்.