குழாய் போட்ட பிறகு வந்த குறட்டை

தொண்டைக்குள் குழாய் இறக்கி, தசைகளை எல்லாம் மருந்தால் கட்டிப்போட்ட ஆள் குறட்டை விட முடியாது. இருபது வருடமாக மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஜோதிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆபரேஷன் மேசையில் கிடந்த தண்டாயுதபாணியிடமிருந்து குறட்டை வந்தது.

வெண்டிலேட்டரின் சீரான பெருமூச்சு, ஏ.சி.யிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர், சதை சுட்ட வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில், நாலு தெரு தள்ளி யாரோ போர்வெல் போடுவதுபோல அது உறுமிக்கொண்டே இருந்தது. திரையில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன.

காலையில் அவர் மனைவி உஷாராணி பெருமையாகத்தான் சொன்னாள். "போர் போடுற ரிக் வண்டியில படுத்துப் பழகுன ஒடம்புங்க டாக்டரம்மா. குறட்டை தெருமுனைக்குக் கேக்குமுங்க. நல்லா தூங்குவாருங்க."

"நடுவுல மூச்சு நிக்குதா?"

"நிக்குமுங்க. தொட்டு உலுக்குனா வந்துருமுங்க."

மூச்சு நிற்பதை நல்ல தூக்கம் என்று வீடே நம்பியிருந்தது. மூச்சு நிற்கும் ஆள் என்பதால்தான் ஜோதி தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைத்தாள். நுரையீரல் சுருங்காதபடி, மூச்சு வெளியேறிய பின்னும் கொஞ்சம் அழுத்தம் தங்கும்படி இயந்திரத்தைத் திருகி வைத்தாள்.

பித்தப்பையை எடுத்துவிட்டு சர்ஜன் வெளியேறினார். தசைகளைக் கட்டிய மருந்துக்கு மாற்று மருந்தும் போட்டாயிற்று. இப்படிப்பட்டவர் முழுதாக விழித்து, சொன்னபடி கையை இறுக்கிக் காட்டிய பிறகே குழாயை உருவவேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர் என்றால் காரிலேதான் குடித்தனம். சங்ககிரியில் சிசேரியனுக்கு ஒருத்தி காத்திருந்தாள். மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. தண்டாயுதபாணி இருமினார். அது போதும் என்று நினைத்தாள், பாவி.

உருவினாள்.

குறட்டை நின்றது. நெஞ்சு எழும்பியது. காற்று மட்டும் போகவில்லை. தாடையை இரண்டு கையாலும் தூக்கி முகமூடியை அழுத்தினாள். நர்ஸ் மலர்விழி காற்றுப் பையை அமுக்கினாள்.

"போகலைங்க மேடம்! கல்லாட்ட இருக்குதுங்க!"

திரையில் ஆக்சிஜன் எண்பது. அறுபது. நாற்பது. மறுபடி குழாய். பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். ஒன்றும் தெரியவில்லை.

"கத்தி குடு மலரு!"

காற்றுக்கு வழி செய்ய அவர் கழுத்தின் நடுக்குழியில் கிழித்தாள். ரத்தம் அவள் கண்ணாடியில் தெறித்தது. விரலை உள்ளே விட்டாள். சூடாக இருந்தது. காற்று வரவில்லை.

திரையில் நேர்கோடு.

"மேடம்... போயிட்டாருங்க."

அப்போதுதான் அவர் கைகள் எழுந்தன. ஜோதியின் கழுத்தைப் பிடித்தன. மலர்விழி அலறினாள். ஒரு விரலைப் பிரித்தாள். எலும்பு முறிந்தது. முறிந்த விரல் மறுபடி மடங்கியது. ஜோதிக்கு மூச்சு இல்லை. கத்தவும் முடியவில்லை. நேர்கோடு அசையவே இல்லை. அவர் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, அவள் கழுத்தின் நடுக்குழியைத் தடவித் தேடிக் கண்டுபிடித்து, நகத்தை உள்ளே இறக்கியது.