முத்துவேணி பிடித்த மழை

"டீயில எவன்டா உப்பை அள்ளிப் போட்டது?"

டீக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். கத்தியது கப்பலின் சமையல்காரர் ஹாஜா ஷரீபு. தான் போட்ட டீயைத் தானே துப்பிவிட்டு நின்றார் மனிதர்!

முத்துவேணி ஒரு பயிற்சிக் கப்பல். மாலுமி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் காற்றை மட்டும் நம்பி, பாய் விரித்து, சென்னையிலிருந்து மொரீஷியஸ் வரை ஓட்டிப் போக வேண்டும். நடுக்கடலில் இன்ஜினைப் போட்டால் பயணம் கணக்கில் சேராது. சான்றிதழும் கிடையாது, அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து!

ஹாஜா ஷரீபு குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் கோணிற்று. "உப்பு டீயில இல்ல. தொட்டியிலயே இருக்கு!"

கேப்டன் ராஜசிங்கம் வந்தார். "காலையில தொட்டியை அளந்தது யாரு?"

பொள்ளாச்சிக் கலாமணிக்கு, தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்த் தொட்டியின் வாய் மேல்தளத்திலேயே இருக்கிறது. தினமும் காலையில் பித்தளை மூடியைத் திருகி எடுத்து, கோலை விட்டு அளந்து, மூட வேண்டும். இன்று கோலை விட்ட நேரம் பார்த்து எவனோ "டால்பின்!" என்று கூவினான். ஆழியாறு அணையில் மீன் மட்டுமே பார்த்த பெண்ணுக்குக் கால் தரையில் நிற்குமா? ஓடினாள். அதற்குள் தளம் கழுவுகிறவர்கள் கடல்நீரைப் பீய்ச்சியடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனையும் திறந்த வாய்க்குள் மடமடவென்று இறங்கிவிட்டது.

"நாந்தானுங்க சார்" என்றாள்.

கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பெரிய தொட்டி போச்சு. சின்னத் தொட்டியில இருக்கிறதைக் குடிக்க மட்டும் வச்சுக்கலாம். நாளைச் சாயங்காலத்துக்குள்ள மழை பிடிக்கணும். இல்லன்னா இன்ஜினைப் போட்டுத் திரும்புறோம்."

பெரிய தொட்டியை இறைத்தார்கள். உள்ளே இறங்கி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தது கலாமணிதான்.

அதற்காகக் கப்பலில் வேலை நின்றுவிடுமா என்ன? மணி அடித்தது, காவல் மாறியது. கயிறுகளைச் சுருட்டினார்கள், கிழிந்த பாயைத் தைத்தார்கள், பித்தளையைத் தேய்த்தார்கள். பல் விளக்கியதும் கடல்நீரில்தான். கலாமணியிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மதியம் ரோஸ்லின் மோத்தா வந்து அவள் தோளைத் தட்டினாள். தூத்துக்குடிக்காரி, கப்பலில் அவளுக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. "ஏட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தா மழை வந்துருமா? மேல ஏறிப் பாரு. நான் சுக்கானுக்குப் போறேன்."

கலாமணி பாய்மரத்தில் ஏறினாள். சுற்றிலும் வெறும் கடல். வெகுநேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மேகம்! இடது பக்கம்! அடியில கருப்பாத் தொங்குதுங்க!"

கப்பலே குலுங்குகிற மாதிரி ஆரவாரம்! ரோஸ்லின் சுக்கானைத் திருப்பினாள். மழைமேகம் சும்மா வராது, கூடவே சூறைக்காற்றும் வரும். பாய்களை முன்கூட்டியே இறக்கினால் மேகத்தைப் பிடிக்க முடியாது. இறக்கத் தாமதித்தால் பாய்மரமே முறிந்துவிடும்!

"நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கயிற்றைத் தொடக்கூடாது" என்றார் கேப்டன்.

மேகம் நெருங்கியது. கடல் கறுத்தது. முகத்தில் குளிர்காற்று பளாரென்று அறைந்தது.

"இறக்கு!"

ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. சமையல்கட்டில் ஏதோ உருண்டது. "ஐயோ என் அண்டா!" என்று ஹாஜா ஷரீபு அலறினார். கடைசிப் பாய் கீழே வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது!

மழைநீர் பிடிக்கப் பழைய பாய் ஒன்றைத் தொட்டி வாய்க்கு மேலே சரிவாகக் கட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் ஓடி வந்தது. "மூடியைத் திற! திற!" என்று எல்லாரும் கூவினார்கள்.

கலாமணி ஓடிப்போய் மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்!

"முடியாதுங்க!" உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். கரித்தது. கப்பலின் முனையில் கிடந்து பல நாளாக அலைத்தெறிப்பைக் குடித்த பாய் அல்லவா அது! "பாயில உப்பு ஏறிக் கெடக்குது! மொதல்ல மழை அதைக் கழுவட்டும்!"

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. மறுபடி குடித்தாள். இன்னும் கரித்தது. மழை லேசாக இளைத்தது.

"கலாமணி, மேகம் நகருது" என்றார் கேப்டன்.

"இன்னும் கொஞ்சம் கரிக்குதுங்க சார்!" அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. மழை நின்றுவிட்டால்? இரண்டாவது தடவையும் தன்னால்தானே எல்லாரும் கெடுவார்கள்?

இன்னொரு வாய். தித்திப்பு!

மூடி திறந்தது. சின்னப் பாய் ஒன்றை மட்டும் மறுபடி ஏற்றினார்கள். ரோஸ்லின் மேகத்தின் கூடவே கப்பலை ஓட்டினாள். மேகம் கையைவிட்டுப் போனபோது தொட்டி முக்காலுக்கு மேல் நிறைந்திருந்தது. மழையில் குளிக்கத் தலையில் சோப்பைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவன்தான் பாவம், நுரையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் கொஞ்சம் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "மொரீஷியஸுக்கே போவோம்" என்றார்.

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கலாமணியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

மொரீஷியஸ் மலை தெரிந்த காலையில், கலாமணி தொட்டியை அளந்துகொண்டிருந்தாள். குழாய் பிடித்தவர்கள், அவள் மூடியைப் போடும்வரை தளம் கழுவாமல் காத்து நின்றார்கள். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு முத்துவேணியில் வந்த புது வழக்கம் அது.

"டால்பின்! டால்பின்!"

எல்லாரும் ஓடினார்கள். கலாமணி ஓடவில்லை. கோலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள்.

"மூடியாச்சு!" என்று கத்திவிட்டுத்தான் ஓடினாள். கடைசி வால் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

ஹாஜா ஷரீபு அவள் கையில் டீயைக் கொடுத்தார். "குடிச்சுப் பாரும்மா. சீனி கொஞ்சம் கூடுதலாப் போட்டிருக்கேன்."