நல்லா உட்காந்துருச்சு

சாப்பிடும் நேரத்தில் அவள் கணவரின் வாய்க்குள்ளிருந்து ‘டிக்’ என்றொரு சத்தம் வந்தது. அவர் அப்போது எதையும் மெல்லவில்லை. கையில் தட்டை வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பல் டாக்டர். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். திருகாணியைப் போதுமான அளவு முறுக்கியதும் ரென்ச் கொடுக்கும் சத்தம் அது. போன மாதம் வீட்டின் முன்னறையிலுள்ள தன் கிளினிக்கில், அவர் தாடை எலும்பில் இறக்கியிருந்த உலோக ஆணியின்மேல் புதுப் பல்லைத் திருகியவள் அவள்தான். ‘டிக்’ என்றதும், எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள்: “நல்லா உட்காந்துருச்சு.”

“பொண்டாட்டி முன்னாடி நான் வாயத் திறக்க முடியறது இந்த நாற்காலியில மட்டும்தான்” என்று அன்றைக்குச் சிரித்த மனிதர், இப்போது சிரிப்பதே இல்லை. அவர் பக்கத் தலையணையில், வாரக்கணக்கில் மாற்றாத பூ ஜாடித் தண்ணீரின் நாற்றம் ஊறிப்போயிருந்தது. நேற்று கண்ணாடி டம்ளரைக் கடித்து, உதடு கிழிந்து மோவாயில் ரத்தம் வழிய வழிய, நிதானமாக மென்றார். தடுக்கப் போன அவர் தங்கையின் மணிக்கட்டைப் பற்றிக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார். தையல் போட்ட ஆஸ்பத்திரியில் நாய் கடித்தது என்று பொய் சொல்லிவிட்டு வந்த நாத்தனார், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“அண்ணி, அது எங்க அண்ணன் இல்ல. நீங்களும் வந்துடுங்க.”

“எல்லாம் கிருமி பண்ற வேலைம்மா. நான் சரி பண்ணிடுறேன்” என்றாள் அவள். நம்பித்தான் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் விட்டால் கட்டிப்போடுவார்கள். அவளுக்கு அவர் வேண்டும், பழைய ஆளாக வேண்டும்.

சாயங்காலம் கிளினிக்கில், பல் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயைத் தேடிப் பார்த்தாள். படம் சாய்வாக விழுந்திருந்தது. சாய்ந்த படத்தில் இடைவெளி தெரியாது. பொருந்தாத பல்கூடப் பொருந்தியதாகத்தான் தெரியும். அடிப்பாவி, இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? ஆணிக்கும் பல்லுக்கும் நடுவே முடி நுழையாத சந்து இருந்தாலே போதும். ஒவ்வொரு மெல்லலுக்கும் பல் இம்மி அசைந்து, எச்சிலை உள்ளே இழுத்து வெளியே கக்கும். ஆணியின் குழிக்குள் கிருமி குடித்தனம் நடத்தும்.

ஷட்டரை இறக்கிவிட்டு அவரை உட்காரவைத்தாள். யாருக்கானாலும் விரலை உள்ளே விடுமுன், கடித்துவிடாமல் இருக்கக் கடைவாயில் ரப்பர் கட்டை வைப்பாள். புருஷனுக்கு வைக்க மனம் வரவில்லை. தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிடுவாரே.

பல்லைக் கழற்றினாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. குழியில் கருப்பாக ஏதோ ததும்பியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் மார்பைப் பார்த்தாள். மூச்சு வேறு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

உறிஞ்சினாள். கழுவினாள். கழுவக் கழுவ ஊறியது. அவர் கண் இமைக்காமல் அவளையே பார்த்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு குழி நிறைய மருந்துப் பசையை அடைத்து, ஆணியையும் பல்லையும் இணைக்கும் புதுத் துண்டை வைத்து, பல்லை முறுக்கினாள். காற்றுகூடப் போகாமல் அடைத்துவிட்டால் உள்ளேயே சாகட்டும்.

டிக்.

இந்த முறை நேராகப் படம் எடுத்தாள். சந்து இல்லை. அப்பாடா! கண்ணீரே வந்துவிட்டது. ஆட்காட்டி விரலால் பல்லை அசைத்துப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில் சொன்னாள்.

“நல்லா உட்காந்துருச்சு.”

“ஆமா. நல்லா உட்காந்துட்டேன்.”

உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. குரல் அந்தப் பல்லிலிருந்து வந்தது.

“இனி கசிய மாட்டேன்.”

தாடை மூடியது. எலும்பு நொறுங்கிய சத்தம் முதலில். வலி பிறகு. அவள் பின்னால் விழுந்தாள். கையுறையில் விரல் இருந்த இடம் காலி. சுவரெல்லாம் ரத்தம். அவர் மென்றார். விழுங்கினார். எழுந்தார்.

ஷட்டரை நோக்கித் தவழ்ந்தாள். முடியைப் பிடித்து இழுத்து நாற்காலியில் போட்டார். முழங்காலை நெஞ்சில் ஊன்றினார். விலா முறிந்தது.

“என்னங்க... நான்தாங்க...”

அவர் கண்ணில் நீர் வழிந்தது. கண் மட்டும் அவருடையது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் வந்திருந்தது. சொல்லும் வந்திருந்தது. அவருடைய சொல் அல்ல.

விளக்கை அவள் முகத்துக்கு நேரே திருப்பினார். கருவித் தட்டில் துழாவினார். ரப்பர் கட்டையை எடுத்தார். அதை அவள் கடைவாயில், அவள் வைப்பது போலவே பதமாகச் செருகினார். எலும்பைத் துளைக்கும் கருவி சுழலத் தொடங்கியது.

“திறங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்,” என்றது அந்தப் பல், அவளுடைய குரலில். “நல்லா உட்காந்துரும்.”