பாஞ்சாலி ஆயாவுக்கு என்ன பிடிக்கும்?

மண்ணூரில் கோதண்டம் தாத்தா வீட்டில் அன்று காலையிலேயே பஞ்சாயத்து. நிலத் தகராறு இல்லை, வாய்க்கால் தகராறும் இல்லை. தாத்தாவின் மனைவி, இறந்துபோன பாஞ்சாலி ஆயாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்பதுதான் தகராறு.

ஆயா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் அவருடைய மகள் அம்சவல்லிக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாக, கணவருக்கு முன்னால் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவருக்குப் புதுப் புடவை வைத்து, படையல் போட்டு, ஆசி வாங்க வேண்டும். அவருக்குப் பிடித்த பண்டம் ஒன்றாவது அந்த இலையில் இருக்க வேண்டும்.

"அம்மாவுக்குக் கருகின தோசைன்னா உசுரு," என்றார் ஆயாவின் மூத்த மகன் ரகுபதி, பேத்தி லீலாவின் அப்பா. "நல்லதெல்லாம் நமக்குப் போட்டுட்டு, கருகினத தனக்கு எடுத்து வெச்சிக்கும்."

"இன்னாண்ணா பேசற? பழைய சோத்தத் தவிர வேற எதையும் தொடாது," என்றார் சித்தப்பா தசரதன்.

"மாங்கொட்டை," என்றார் அம்சவல்லி அத்தை. "பழத்த அறுத்து எங்களுக்குக் குடுத்துட்டு, கொட்டைய சப்பிகினு ஒக்காந்திருக்கும்."

தாத்தா தாடையைச் சொறிந்தார். "அடிப்புடிச்ச சோத்த சுரண்டி சுரண்டி துன்னும். அதான் புடிக்கும்னு நெனைக்கறேன்."

லீலாவின் அம்மா கங்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கருகின தோசையும் மாங்கொட்டையும் எலையில வெச்சா, எம் மாமியாரு வாசல்லயே பாத்துட்டு வந்த வழியே திரும்பிப் போய்டுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லி அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான் பொறந்ததுலருந்து ஆக்கிப் போட்டுச்சு. அதுக்கு இன்னா புடிக்கும்னு ஒருத்தருக்கும் தெரியல. எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் ஆசி கேக்கறது?"

லீலாவுக்குப் பத்து வயது. அவளுக்கு அத்தை என்றால் கொள்ளைப் பிரியம். அந்த அழுகை அவளுக்குப் பொறுக்கவில்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. இவர்கள் சொன்னதெல்லாம் ஆயாவுக்குப் பிடித்ததே இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டதுபோக மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆயாவைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்? லூர்தம்மாளுக்குத் தெரியும். ஆயாவும் அவரும் காலமெல்லாம் சேர்ந்தே நடவுக்குப் போனவர்கள். லீலா ஒரே ஓட்டமாக அடுத்த தெருவுக்குப் போனாள்.

லூர்தம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கை நின்றது.

"பாஞ்சாலிக்கா? அவ எங்கடி தனக்கு இது வோணும்னு கேட்டா? ஒங்க தாத்தா கால ஒடச்சிகினு படுத்தப்ப, மொத்த நெலத்தையும் ஒத்தையா பாத்துகினா. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிகினு இங்கருந்து நடந்தே போனா. நீ பொறந்தப்ப ஒங்கம்மாவ அடுப்புப் பக்கமே வுடல. எல்லாம் அடுத்தவங்களுக்குத்தான்."

"ஒரு தடவகூட எதையும் ஆசையா சாப்புடலியா?"

லூர்தம்மாள் யோசித்தார். "ஒரு நாளு நல்ல மழை. நடவுலருந்து வந்தவள, நனஞ்சிகினு போவாதன்னு எங்க வூட்டுக்குள்ள இழுத்தாந்தேன். அப்பதான் சோறு வடிச்சிருந்தேன். ஒரு தட்டு போட்டேன். அன்னிக்கு சாப்ட்டாளே, அப்படி ஒரு சாப்பாடு நான் பாத்ததே இல்ல."

லீலாவின் கண்கள் விரிந்தன. "என்னா கொழம்பு ஊத்துனீங்க?"

"அதான் ஞாபகம் இல்லியே. ஊறுகாதான் இருந்திருக்கும். தட்ட மூஞ்சிகிட்ட தூக்கி வெச்சிகினு, ஆவி படறமாரி கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்தா. சின்னப் பொண்ணு கணக்கா சிரிச்சா."

குழம்பு என்னவென்று தெரியாமலே லீலா வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். பிறகு ஓடினாள்.

"அம்மா, ஆயாவுக்குப் புடிச்சது கொழம்பும் இல்ல, தோசையும் இல்ல. சூடு," என்றாள் மூச்சிரைக்க. "எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டு ஒக்காரும்போது எல்லாமே ஆறிப் போயிருக்கும். ஆயா சூடா சாப்ட்டதே இல்லம்மா."

கரண்டியைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "சரி," என்றார் பிறகு. "படையலுக்குக் கடைசியா சோறு வடிக்கறேன். நீ பக்கத்துலயே இரு."

படையல் நாளும் வந்தது. கிணற்றடியில் கலசத்துக்குப் பூச்சுற்றி, ஆயாவைக் கூப்பிட்டு, விளக்கோடு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மஞ்சள் புடவை, வளையல், கொழுக்கட்டை, வடை எல்லாம் வைத்தாகிவிட்டது. அம்மா அப்போதுதான் சோறு வடித்து நிமிர்த்தினார். ஆவி பறந்தது.

ஆனால் சொந்தக்காரர்களை அழைத்துவர ஸ்ரீபெரும்புதூர் போன சித்தப்பாவைக் காணோம். பஸ் எங்கேயோ நின்றுவிட்டதாம்.

கற்பூரம் ஏற்ற வேண்டியவர் தாத்தாவின் அண்ணன் சுப்பராயன். அவர் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார். "எல்லாரும் வந்துடட்டும். இன்னா அவசரம்?"

லீலா சோற்றுப் பானையைப் பார்த்தாள். ஆவி குறைந்துகொண்டே வந்தது. பெரியவர்கள் பேசும் இடத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"பெரிய தாத்தா, ஆயா எப்பவும் எல்லாரும் சாப்ட்டு முடிக்கறவரைக்கும் காத்துகினு இருப்பாங்க. ஆறிப்போன சோத்ததான் சாப்டுவாங்க. இன்னிக்கு நாமளே அவங்கள வூட்டுக்குக் கூப்ட்டோம். இன்னிக்கும் அவங்கதான் காத்திருக்கணுமா?"

சுப்பராயன் தன் தம்பியைப் பார்த்தார். கோதண்டம் தாத்தா தலையைக் குனிந்திருந்தார். துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"போடும்மா கங்கா," என்றார் தாத்தா. "அவளுக்குதான் மொதல்ல."

அம்மா சோற்றை அள்ளி இலையில் போட்டார். கலசத்துக்கு முன்னால் ஆவி எழுந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். அத்தை விழுந்து கும்பிட்டு எழுந்தபோது கண்ணில் நீர் இருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. லீலாவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பிறகு பந்தி. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வழக்கம்போல அம்மா கரண்டியோடு வந்தார். தாத்தாவோ உட்காரவில்லை.

"நீ ஒக்காரும்மா," என்றார் அம்மாவிடம்.

"இருக்கட்டும் மாமா. எல்லாரும் சாப்ட்டதும் நான்..."

"அதான் வாணாங்கறேன்." தாத்தா கரண்டியை வாங்கிக்கொண்டார். லீலா ஓடிப்போய் அம்மாவுக்கும் அத்தைக்கும் இலை போட்டாள்.

தாத்தா பிறந்ததிலிருந்து யாருக்கும் பரிமாறியதில்லை. அது நன்றாகவே தெரிந்தது. பாதி சோறு இலையில் விழுந்தது, பாதி தரையில். ரசம் அம்மாவின் இலையிலிருந்து அப்பாவின் இலைக்கு ஓடியது. அப்பா அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா சொந்தக்காரர்களோடு வந்து சேர்ந்தார். "இன்னாது, நாங்க வர்றதுக்குள்ள பந்தியே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கை கால் கழுவிகினு வாங்கடா," என்றார் தாத்தா. "ஒங்களுக்கு ரெண்டாம் பந்தி. நான்தான் பரிமாறப் போறேன்."

சித்தப்பா பயந்துபோய் லீலாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அம்மா சுடச்சுட ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"மாமா, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம்."