எட்டுச் செலவுக்கு ஒரு பேர்பன்

ட்ர்ர்ரிங்!

சுகந்தி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"தங்கச்சி, எட்டுச் செலவுக்கு நான் வராம விடுவனோ? வாறன்!"

குணசேகரம்! செத்துப்போன கணவன் தவச்செல்வனின் கூட்டாளி. சுவிஸ்காரர்களைக் கென்டக்கிக்குக் கூட்டிப்போய், விஸ்கி வடிக்கிற இடங்களைச் சுற்றிக்காட்டும் கம்பெனியை இருவரும் 1992 முதல் ஷாஃப்ஹவுசனில் நடத்தினார்கள். இனி முழுக்கவும் அவனுக்கே!

'வாடா... வா!' சுகந்தி ரிசீவரை அறைந்து வைத்தாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். உடலையும் எரித்தாகிவிட்டது. ஆனால் கணவன் சரிந்த அன்று, கூடக் குடிக்க உட்கார்ந்த குணசேகரம் இரண்டு கிளாஸையும் கழுவி வைத்திருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு கோப்பை கழுவாத மகராசன்!

சாட்சி இல்லை. அவன் வாயால்தான் வரவேண்டும்.

வந்தான், தன் தம்பி தயாநிதியோடு.

செத்து எட்டாம் நாள். படத்தின் முன்னால் மீன், இறைச்சி, நண்டு... செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தது. நடுவில் கறுப்பு மெழுகு வழிந்த 'கேப்டன் ஹார்லோ' பேர்பன் விஸ்கி. பாதிப் போத்தல்!

குணசேகரம் வெளிறினான்.

"இது... அண்டைக்குக் குடிச்ச போத்தலோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் கொண்டுவந்தது. ஹார்லோவின்ரை கதையைச் சொல்லுங்கோவன். பஸ்ஸில வெள்ளையளுக்குச் சொல்லுவீங்களே!"

"இப்ப ஏன்?"

"அவருக்கு விருப்பமான கதை."

"ஹார்லோவை... கூட்டாளி நஞ்சு வச்சுக் கொலை செய்துபோட்டான். பிறகு பெஞ்சாதிதான் கம்பெனியை நடத்தினவ. அந்தத் துக்கத்துக்குத்தான் கறுப்பு மெழுகு..."

"கூட்டாளிக்கு என்ன நடந்தது?"

"மறந்துபோச்சு."

"நான் சொல்லட்டோ? அதே போத்தலில இருந்து பெஞ்சாதி அவனுக்கும் வார்த்துக் குடுத்தவ!"

கிளாஸை நிரப்பி நீட்டினாள்.

"படைச்சது. வேண்டாமெண்டு சொல்லக்கூடாது."

"எனக்கு... வயிறு சரியில்லை."

"அண்ணைக்கு விஸ்கி வேண்டாமோ? அதிசயம்தான்!" சிரித்தபடி தயாநிதி கிளாஸை வாங்கி வாயில் வைத்தான்.

"டேய், குடியாதை! அதுக்குள்ள நஞ்சடா! நான்தான் கலந்தனான்!"



தயாநிதி நாக்கைச் சப்பினான்.

"அண்ணை... இது பிளேன்ரீ! வெறும் தேத்தண்ணி!"

சுகந்தி நிமிர்ந்தாள்.

"செத்தவீடு முடிஞ்சு வீடு கழுவேக்கையே விஸ்கியைச் சிங்கில ஊத்திப்போட்டன், அண்ணை!"

படுக்கையறைக் கதவு திறந்தது. சுவிஸ் பொலிஸ்! கூடவே மொழிபெயர்ப்பாளர் பிரியதர்சினி, கேட்டதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கிளிக்! குணசேகரத்தின் கையில் விலங்கு பூட்டிக்கொண்டது.

சுகந்தி தயாநிதியிடம் கிளாஸை வாங்கி, அண்ணன்காரனின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"மறியலில போட்டா, அங்கை கோப்பை கழுவ விடுவாங்களாம், அண்ணை. உங்களுக்குத்தான் இப்ப கை பழகிட்டுதே!"