கடைசி வீட்டு ஜன்னல்

"என் வீடு" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் பத்துக் கூடை மணல் சுமக்க வேண்டும். கவரைப்பேட்டை ஏரிக்கரைக் குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது. பிரின்சி அந்த மாதத்திலேயே மூன்று முறை மணல் சுமந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் எட்டுக் குடும்பங்கள் தார்ப்பாய்க் கூடாரங்களில் குடியிருந்தன. பெரியவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தினக்கூலிக்குப் போகிறவர்கள். ஒற்றை அறைக்குக் கேட்கிற வாடகைகூட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடுவார்கள்.

பல வருடம் மனு கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் பட்டா கிடைத்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து செங்கல்லும் சிமெண்டும் திரட்டிக் கொடுத்தார்கள். கட்டுகிற வேலை மட்டும் எட்டுக் குடும்பங்களின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் வந்துவிட வேண்டும். முதலில் நான்கு வீடு, பிறகு நான்கு வீடு. எந்த வீடு யாருக்கு என்பது கட்டி முடித்த பிறகு குலுக்கலில்தான் தெரியும்.

அந்த யோசனை மேஸ்திரி சின்னதுரையுடையது. "தன் ஊடுன்னு தெரிஞ்சா சிமெண்டு தூக்கலா போடுவீங்க. அடுத்தவன் ஊடுன்னா மணலு தூக்கலா போடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிரின்சியின் மனசு மட்டும் குலுக்கலுக்குக் காத்திருக்கவில்லை. அது நேராகக் கடைசி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காரணம், ஜன்னல். மற்ற மூன்று வீடுகளின் ஜன்னல்கள் தெருவைப் பார்த்தன. கடைசி வீட்டுக்கு மட்டும் பக்கச் சுவரில் இன்னொரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே பார்த்தால் ரயில் பாதை தெரியும். பிரின்சியின் அம்மா ஷைனிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. சாயங்கால எலெக்ட்ரிக் ரயிலில்தான் திரும்புவாள். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் கூடாரத்திலிருந்து எந்த ரயிலும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பிரின்சி எழுந்து நிற்பாள். பாதி நேரம் அது சரக்கு வண்டியாக இருக்கும்.

அந்த ஜன்னல் கிடைத்தால் அம்மாவின் ரயிலைப் பார்த்த பிறகு அடுப்பில் உலை வைக்கலாம். அம்மா படியேறும்போது சோறு கொதித்துக்கொண்டிருக்கும். நினைத்தாலே பிரின்சிக்கு நெஞ்சு நிறைந்தது.

பூசிய சுவர் வெடிக்காமல் இருக்கத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. பிரின்சி எல்லாச் சுவருக்கும் ஊற்றினாள், கடைசி வீட்டுக்குக் கூடுதலாக ஒரு குடம் ஊற்றினாள். ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, அந்தச் சுவத்துல மீன் வளக்கறியா?" என்று கேட்டார். கூட வேலை செய்துகொண்டிருந்த லோகு விழுந்து விழுந்து சிரித்தான். லோகு அவளுடைய வகுப்புதான். அவனும் அவன் அம்மா குப்பம்மாளும் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தார்கள்.

ஒருவழியாக நான்கு வீடுகளும் முடிந்தன. எட்டுக் குடும்பத்தின் பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். இருக்கிறதிலேயே சின்னக் குழந்தை கையை விட்டு எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் பிரின்சியின் அப்பா அன்புராஜின் பெயர் இல்லை. கடைசி வீட்டுக்கான சீட்டை எடுக்கும்போது பிரின்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குப்பம்மாள்" என்று மேஸ்திரி படித்தார்.

அடுத்த நான்கு வீட்டில் ஒன்று நமக்குத்தானே என்று அப்பா சமாதானம் சொன்னார். அது பிரின்சிக்கும் தெரியும். ஆனால் அந்த வீடுகள் இன்னும் வெறும் புல் தரையாகத்தான் கிடந்தன. புல்லில் ஏது ஜன்னல்? கூடாரத்துக்குத் திரும்பி, பாயில் குப்புறப் படுத்து அழுதாள்.

லோகு வீட்டில் பால் காய்ச்சிய அன்று வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தாள். அம்மா வற்புறுத்தவில்லை. வரும்போது ஒரு டம்ளரில் பாயசம் மட்டும் வாங்கி வந்தாள். பிரின்சி அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பாயசத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலைக் காணோம். அதன்மேல் பழைய நீலத் தார்ப்பாய் அடித்திருந்தது. நான்கு மூலையிலும் ஆணி.

பிரின்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிய சுவர் அது! வேண்டாம் என்றால் வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே? விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள்.

உள்ளே தெரு ஜன்னலையும் ஒரு பழைய புடவையால் மறைத்திருந்தார்கள்; பட்டப்பகலில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. குப்பம்மாள் மறுநாள் கம்பெனி வாசலில் விற்பதற்காக வேர்க்கடலை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். லோகு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். அறை முழுவதும் நீலமாக, கூடாரத்துக்குள் இருப்பது போலவே இருந்தது.

"ஜன்னலை ஏன் அத்தை மூடிட்டீங்க?" என்று கேட்டாள் பிரின்சி. கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல்தான் காலை வாரிவிட்டது. அழுகிற மாதிரி வந்தது.

குப்பம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருசமா ரோட்டுல போறவன் வர்றவன்லாம் எங்க சோத்துத் தட்டை எட்டிப் பாத்துக்கினுதான் போனான். படுத்தா பாப்பான், தலை சீவுனா பாப்பான். இப்பதான் கண்ணு, சுவருன்னு ஒண்ணு வந்துக்குது. அதுலயும் ஒரு ஓட்டையைப் போட்டுக் குடுத்துட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

பிரின்சியும் தினமும் காலையில், அம்மா ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் நின்றுதான் பள்ளிச் சீருடை மாற்றுகிறாள். காற்றடித்தால் புடவை பறக்கும். அந்த நேரத்தில் அவளுக்கும் ஒரு சுவர் போதும் என்றுதான் தோன்றும். ஜன்னல் நினைப்பு அப்போது வந்ததே இல்லை.

அவள் வெளியே போய் ஜன்னலுக்கு எதிரே நின்று பார்த்தாள். பக்கத்திலேயே ஒற்றையடிப் பாதை போனது. ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி என்று ஊரே அதில்தான் நடந்தது. ஜன்னலின் கீழ்விளிம்பு அவள் மூக்குக்கு நேராக இருந்தது. பெரியவர்களுக்கு அறை முழுசும் தெரியும்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மேல் மூலைகளில் இருக்கும் இரண்டு ஆணியை மட்டும் பிடுங்கச் சொன்னாள். குப்பம்மாள் தயங்கினாள். லோகு அதற்குள் சுத்தியலோடு வந்துவிட்டான்.

தார்ப்பாயை மேலிருந்து பாதிக்கு மடித்து மறுபடி ஆணி அடித்தார்கள். பிரின்சி குப்பம்மாளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். லோகு உள்ளே உட்கார்ந்து, நான் தெரியறேனா, இப்போ தெரியறேனா என்று கத்திக்கொண்டே இருந்தான். அவன் தெரியவில்லை. மேல்கூரையும் பல்பும்தான் தெரிந்தன. குப்பம்மாள் நுனிக்காலில் நின்றும் எட்டிப் பார்த்தாள். அப்போதும் கூரைதான்.

"அட," என்றாள் குப்பம்மாள்.

உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பல்பை அணைத்தாள். ஜன்னலின் மேல்பாதி வழியே வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. பிரின்சி சட்டென்று திரும்பினாள். மேல்பாதி அவள் உயரத்துக்கு எட்டாது. லோகு ஒரு பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஏறு என்றான்.

ஏறினாள். எலெக்ட்ரிக் ரயில் பெட்டி பெட்டியாகப் போனது. கதவோரம் நிறையப் பேர் நின்றார்கள். அதில் அம்மா யார் என்று தெரியவில்லை. ஆனால் அம்மா அதில் இருக்கிறாள் என்று தெரிந்தது. கடைசிப் பெட்டி மறையும் வரை பிரின்சி இறங்கவில்லை. இது தன் ஜன்னல் இல்லையே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. பக்கெட்டிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

குப்பம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "தெனமும் வந்து பாரு கண்ணு," என்றாள். "நான் கூடாதுன்னா சொல்லப் போறேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த நான்கு வீடுகளுக்குக் கடைக்கால் தோண்ட வேண்டும். எட்டுக் குடும்பமும் வந்துவிட்டது. வீடு கிடைத்த நான்கு குடும்பங்களும்தான். மேஸ்திரி கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். எந்தச் சுவர் எங்கே, வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று காட்டிக்கொண்டே போனார். இந்த வரிசை ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நின்றது; நான்கு ஜன்னலும் தெருப் பக்கம். ரயில் பாதையைப் பார்த்த பின்சுவருக்கு ஒன்றுமே இல்லை.

பிரின்சி மண்வெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் போனாள்.

"மாமா, பின்சுவத்துலயும் ஒரு ஜன்னல் வைங்க. பெரியவங்க தலைக்கு மேல இருக்கட்டும். அப்போ வெளிய போறவங்களுக்கு உள்ள இருக்கறது தெரியாது. உள்ள ஏறி நின்னு பாக்க ஒரு சின்ன மேடை மட்டும் கட்டிடுங்க."

மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையும் பின்சுவர்க் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த ஊட்டுக்கு?"

"நாலுக்கும்."

"உங்களுக்குக் கிடைக்கப் போறது ஒண்ணுதானே? அது எதுன்னுகூட உனக்குத் தெரியாது. அப்புறம் இன்னாத்துக்கு நாலுக்கும் கேக்கற?"

"தெரியாததாலதான் மாமா நாலுக்கும் கேக்கறேன்," என்றாள் பிரின்சி.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். அன்புராஜைக் கூப்பிட்டு, உன் பொண்ணு என் பொழப்புக்கே உலை வைக்கிறாப்பா என்றார். அப்புறம் சுண்ணாம்புப் பொடியை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய், ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு அடையாளம் வைத்தார். பிரின்சியும் கூடவே நடந்து, நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மண் அள்ளப் போனாள்.